நெட்டி, சுளுக்கு, கட்டு: எலும்பைப் பற்றி ஒரு அறிவியல் ஆசிரியரின் குறிப்புகள்

மதிய உணவு முடிந்து வேப்பமரத்தடியில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் புதிதாக ஒரு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். இன்னொருவன் பின்னால் நின்று, அவன் தாடையில் ஒரு கையும் உச்சந்தலையில் ஒரு கையும் வைத்து, 'டக்' என்று திருப்பப் பார்க்கிறான். சுற்றி நின்ற ஐந்தாறு பேர் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஓடிப்போய்க் கையை எடுக்கச் சொன்னேன். "போன்ல பாத்தோம் டீச்சர். டாக்டரே பண்றாரு. முதுகுவலி, தலைவலி எல்லாம் போயிடுமாம்" என்றான் பின்னால் நின்றவன்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்த மாதிரிக் காணொளிகளை நம் ஆசிரியர் அறையிலும் பார்க்கிறோம். முதுகில் மூட்டு மூட்டாகச் சத்தம் வருவதும், படுத்திருப்பவர் முகத்தில் நிம்மதி பரவுவதும் பார்க்கவே சுகமாக இருக்கும். கைரோபிராக்டிக் என்ற பெயரே இந்த நான்கைந்து ஆண்டுகளில் அந்தக் காணொளிகள் வழியாகத்தான் திருப்பாச்சூர் வரை வந்திருக்கிறது. திட்டி அனுப்பினால் பள்ளியில் நிறுத்துவார்கள், தெருவில் தொடர்வார்கள். அதனால் மூன்று பாடவேளைகளை இதற்கென்றே ஒதுக்கினேன். அப்போது திரட்டியதையும், அதையொட்டி வகுப்புக்கு வெளியே நடந்த ஒன்றையும் இங்கே எழுதுகிறேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

முதலில் விரல். நெட்டி முறிக்காத பிள்ளை எந்த வகுப்பிலும் இல்லை. எலும்பும் எலும்பும் உரசுவதால் சத்தம் வருகிறது என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். உண்மையில் எலும்பின் முனைகளுக்கு நடுவே வழுவழுப்பான ஒரு திரவம் இருக்கிறது. சைனோவியல் திரவம் என்று பாடத்தில் படிக்கிறோம். அதில் வாயுக்கள் கரைந்திருக்கின்றன. விரலை இழுக்கும்போது மூட்டின் இரு பரப்புகளும் சட்டென்று விலகுகின்றன, உள்ளே அழுத்தம் குறைகிறது, திரவத்தில் வாயுக்குமிழி ஒன்று உண்டாகிறது. சோடா பாட்டிலைத் திறந்ததும் குமிழி கிளம்புவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பதால் இது எளிதில் புரிந்துவிடும்.

குமிழி உடைவதுதான் சத்தம் என்று 1971இல் ஒரு ஆய்வு சொன்னது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒருவரின் விரலை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்துப் பார்த்தார்கள். சத்தம் வந்த பிறகும் குமிழி அப்படியே இருந்தது. எனவே உடையும்போது அல்ல, உருவாகும்போதே சத்தம் வருகிறது என்றார்கள். 2018இல் வந்த ஒரு கணித மாதிரி, குமிழி பாதி உடைந்தாலே இந்தச் சத்தம் வரும் என்று மறுபடி பழைய பக்கம் இழுத்தது. தினமும் நாம் செய்யும் ஒரு செயலுக்கே இன்னும் விவாதம் முடியவில்லை என்பது பிள்ளைகளுக்குப் பெரிய ஆச்சரியம். எனக்கும்தான்.

இதற்குச் செலவில்லாத ஒரு செயல்பாடு உண்டு. ஒரு விரலில் நெட்டி எடுத்துவிட்டு அதே விரலில் உடனே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். வராது. வாயு மீண்டும் கரைய ஏறக்குறைய இருபது நிமிடம் வேண்டும். பாடவேளையின் தொடக்கத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை என்று முயன்று, நேரத்தைக் குறித்து அட்டவணை போட வைத்தேன். மொத்த வகுப்பும் இவ்வளவு ஒழுங்காகக் கடிகாரத்தைப் பார்த்து நான் கண்டதில்லை.

'நெட்டி முறித்தால் மூட்டு தேய்ந்துவிடும்' என்று வீட்டில் சொல்வார்களே என்று ஒரு மாணவி கேட்டாள். அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர் என்பவரிடமும் அவர் அம்மா இதையே சொன்னார். அவர் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இடக்கையில் மட்டும் நெட்டி முறித்து, வலக்கையைச் சும்மா விட்டு, இரண்டையும் ஒப்பிட்டார். எந்தக் கையிலும் மூட்டுவாதம் வரவில்லை. சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு 2009இல் அவருக்குக் கிடைத்தது. ஒரே ஒரு ஆளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து எல்லாருக்கும் பொதுவாக முடிவு சொல்லலாமா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நல்ல விவாதம் கிளம்பும்.

ஒன்றை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: சத்தம் என்பது வாயு, நகர்ந்த எலும்பு இடத்தில் போய் உட்காரும் ஒலி அல்ல. முதுகில் வரும் சத்தமும் இதே வகைதான். சத்தம் வந்தால் சரியாகிவிட்டது, வராவிட்டால் சரியாகவில்லை என்பதற்கு ஆதாரம் கிடையாது.

கழுத்து வேறு கதை

விரலுக்குச் சொன்னதைக் கழுத்துக்குச் சொல்லக் கூடாது. நம் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். மேலுள்ள ஆறு எலும்புகளில் இரு பக்கமும் சிறு துளைகள் இருக்கின்றன. அந்தத் துளைகளின் வழியாகத்தான் மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டு போகும் இரண்டு தமனிகள் ஏறுகின்றன. கழுத்தைத் திருப்பும்போது ஏறத்தாழ பாதித் திருப்பம் மேலுள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே நடக்கிறது. தமனி வளைந்து நெளிவதும் அங்கேதான்.

தடித்த அட்டையில் ஆறு வட்டங்கள் வெட்டி, பக்கத்துக்கு ஒரு துளை போட்டு, காலி குளுக்கோஸ் பாட்டிலின் குழாயை அதில் கோத்தோம். மேலிருந்து சிவப்பு மை கலந்த நீரை ஊற்றிக்கொண்டே மேல் அட்டையை வெடுக்கென்று திருப்பினால் குழாய் மடிந்து நீர் நின்றுபோகிறது. நம் தமனி பிளாஸ்டிக் குழாய் இல்லை, அதில் அடுக்குகள் உண்டு. வேகமாக முறுக்கும்போது உள் அடுக்கு கிழிந்தால், கிழிந்த இடத்தில் இரத்தம் உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இப்படி நடப்பது அரிது. ஆனால் நடந்தால், நேற்று வரை நன்றாக இருந்த இளவயதுக்காரர்தான் படுக்கையில் விழுகிறார். கழுத்தைத் திருப்பிய பிறகு இதுவரை இல்லாத மாதிரி கழுத்து வலியோ தலைவலியோ வந்தாலும், தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம் வந்தாலும், சற்று படுத்துப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும்.

சலூனில் முடிவெட்டி முடித்ததும் அன்போடு கழுத்தைப் பிடித்து இரு பக்கமும் ஒடித்து விடுவார்களே, அதற்கும் இதே எச்சரிக்கைதான். தலையைத் தடவி விடட்டும், தோளைப் பிசைந்து விடட்டும். ஒடிப்பதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எங்கள் மாணவர்களில் நாலைந்து பேர் தங்கள் அப்பாவிடம் இதைப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு அப்பா, "உங்க டீச்சர் சலூன் வரைக்கும் வந்துட்டாங்களா?" என்று கேட்டாராம்.

கைரோபிராக்டிக் எங்கே பிறந்தது?

1895 செப்டம்பரில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டாவன்போர்ட் நகரில், டேனியல் டேவிட் பால்மர் என்பவர் ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். லில்லார்டுக்குப் பல ஆண்டுகளாகக் காது சரியாகக் கேட்காது. முதுகெலும்பில் புடைத்திருந்த ஒன்றைப் பால்மர் அழுத்தியதும் கேட்கத் தொடங்கியது என்பதுதான் இந்த முறையின் பிறப்புக் கதை. கை, செயல் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். 1897இல் பள்ளி தொடங்கினார். உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காக 1906இல் சிறைக்கும் போனார்.

கதையில் ஒரு சிக்கல் இருப்பதை ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருக்கும் பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள். செவி நரம்பு காதிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே நேராக மூளைக்குப் போகிறது. முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை. எல்லா நோய்க்கும் காரணம் முதுகெலும்பு விலகி நரம்பை அமுக்குவதுதான் என்ற பால்மரின் கொள்கைக்கு இன்று வரை ஆதாரம் கிடைக்கவில்லை.

அதற்காக முழுவதையும் ஒதுக்கிவிடவும் முடியாது. இடுப்பு வலிக்கு இந்த முறையில் ஓரளவு பலன் இருக்கிறது. அமெரிக்க மருத்துவர்களின் அமைப்பு ஒன்று 2017இல் வெளியிட்ட வழிகாட்டலில், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் ஒத்தடம், மசாஜ், அக்குபஞ்சர், கையால் முதுகெலும்பை அசைத்தல் ஆகியவற்றை முயலலாம் என்றது. பெரும்பாலானோருக்கு என்ன செய்தாலும், செய்யாவிட்டாலும், சில வாரங்களில் வலி குறைந்துவிடும் என்றும் அதே வழிகாட்டல் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டலிலும் உடற்பயிற்சிக்கும் விளக்கக் கல்விக்கும் பக்கத்தில் இந்தக் கைமுறைக்கும் இடம் இருக்கிறது. இடுப்பு பெல்ட்டையும் எடை கட்டி இழுப்பதையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. இடுப்பு வலிக்கு உதவும் என்பது வேறு, ஆஸ்துமா தீரும், கைக்குழந்தையின் வயிற்றுவலி தீரும் என்பது வேறு. சைமன் சிங் என்ற அறிவியல் எழுத்தாளர் 2008இல் இங்கிலாந்தில் இதை எழுதியதற்காக, அந்நாட்டுக் கைரோபிராக்டிக் சங்கம் அவர் மேல் அவதூறு வழக்குப் போட்டது. 2010இல் அவர்களே வழக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

நம் நாட்டில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வரும் மருத்துவ முறைகளில் கைரோபிராக்டிக் இல்லை. எனவே பலகையைப் பார்த்து உள்ளே போகும் முன், அவர் என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று கேட்பதில் தவறில்லை. இயன்முறை மருத்துவம் படித்தவர் செய்வதும், ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழோடு செய்வதும் காணொளியில் ஒரே மாதிரிதான் தெரியும்.

நம்மிடம் இல்லாததா?

கையால் உடலைச் சரிசெய்யும் கலை தமிழருக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று ஒன்று இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். தொழிற்பெயருக்கு எடுத்துக்காட்டு தேடும் தமிழாசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். வர்மத்தில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் வர்ம ஆசான்களின் மரபு இன்றும் இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இவை முறைப்படி கற்பிக்கப்படுகின்றன. அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவர்களெல்லாம் ஐந்தரை ஆண்டு படித்து, பதிவு பெற்று வருகிறவர்கள்.

ஊர்ப்பக்கம் இன்னொரு வழி உண்டு. இடுப்பில் பிடித்துக்கொண்டால், காலை முன்னே வைத்துப் பிறந்தவர் மிதித்தால் போகும், இரட்டைப் பிள்ளை பெற்றவர் வழித்துவிட்டால் சுளுக்கு விடும் என்பார்கள். எண்ணெய் தேய்த்து இதமாக வழித்துவிடுவதில் தசை தளரும், மனமும் தளரும். அதில் கெடுதல் இல்லை. இது சுளுக்கா முறிவா என்று தெரியாத நிலையில், அதிலும் குழந்தையின் முழங்கையில், இதைச் செய்வதுதான் ஆபத்து. முழங்கையில் அடிபட்ட பிறகு எண்ணெய் விட்டு உருவினால், தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து கை மடங்காமலே போய்விடலாம். எலும்பு மருத்துவர்கள் நம் நாட்டில் அடிக்கடி பார்க்கும் பாதிப்பு இது.

புத்தூர் கட்டு

எங்கள் ஊர் சென்னை–திருப்பதி சாலையில் இருக்கிறது. இதே சாலையில் திருத்தணி, நகரி தாண்டிப் போனால் ஆந்திராவின் புத்தூர். அதை ஒட்டிய ராசபாளையத்தில் ஒரு குடும்பத்தார் தலைமுறைகளாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறார்கள். வேட்டையில் கால் ஒடிந்த முயல் ஒன்று, மேலே போட்டிருந்த இலைகளால் குணமாகி ஓடியதைப் பார்த்துத்தான் இந்த மூலிகையைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை. இலை அரைப்பு, முட்டையின் வெள்ளைக்கரு, மூங்கில் பட்டை, துணி இவைதான் கட்டு. தமிழ்நாடு முழுக்க 'புத்தூர் கட்டு' என்று பலகை தொங்கும் இடங்கள் எத்தனையோ. பலகையில் பெயர் ஒன்று என்பதால் கையும் ஒன்று என்று ஆகிவிடாது.

மூங்கில் என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காது நிமிரும். பாசு என்றால் மூங்கில். வாசீசுவரர் கோயில் இறைவன் மூங்கில் காட்டில் வெளிப்பட்டார் என்பது தலவரலாறு. ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். அதே மூங்கில் உடைந்த எலும்புக்குத் துணை நிற்பதில் அறிவியல் இருக்கிறது. உடைந்த இரு முனைகளையும் அசையாமல் வைத்தால் எலும்பு தானே ஒட்டும். மூங்கில் பட்டை, மரச்சட்டம், 1850களில் டச்சு இராணுவ மருத்துவர் மத்தைசன் பரப்பிய மாவுக்கட்டு எல்லாம் அந்த ஒரு வேலையைத்தான் செய்கின்றன. இங்கிலாந்தில் எலும்பு மருத்துவத்தின் தந்தை எனப்படும் ஹியூ ஓவன் தாமஸ், தலைமுறைகளாக எலும்பு கட்டும் நாட்டு வைத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்து அவர் வடிவமைத்த தொடைச்சட்டம், முதல் உலகப் போரில் தொடையெலும்பு உடைந்த ஏராளமான வீரர்களின் உயிரைக் காத்தது. எனவே நாட்டு வைத்தியம் என்றாலே முகம் சுளிக்க நான் தயாரில்லை.

குழந்தைகளுக்குக் கட்டு நன்றாகவே பலிப்பதற்கும் காரணம் உண்டு. பிள்ளைகளின் எலும்பு பச்சைக் கொம்பு மாதிரி. முழுதாக ஒடியாமல் ஒரு பக்கம் விரிசல் விட்டு வளையும். வேகமாக ஒட்டும். சற்றுக் கோணலாக ஒட்டினாலும் வளரும்போது நேராகிக்கொள்ளும். அதனால் பத்துப் பிள்ளைகளில் பலருக்கு யார் கட்டினாலும் குணமாகிவிடும். மிச்சமுள்ள ஒன்றிரண்டு பேர் யார் என்பதை எக்ஸ்ரே இல்லாமல் கையால் தடவிச் சொல்ல முடியாது.

அந்த ஒன்றில் ஒருவனாக எங்கள் நான்காம் வகுப்பு மாணவன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை கொய்யா மரத்திலிருந்து விழுந்திருக்கிறான். பக்கத்து ஊரில் ஒருவரிடம் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கட்டுப் போட்டு, திங்கட்கிழமை காலை பாட்டி பள்ளியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். இடக்கைதான், எழுதலாம் என்று எண்ணம். முதல் பாடவேளையிலேயே வகுப்பாசிரியர் என்னை அழைத்தார். பையன் சத்தம் போட்டு அழவில்லை, கண்ணில் மட்டும் நீர் ஓடிக்கொண்டே இருந்தது. விரல்கள் வீங்கி மெழுகு போல் வெளிறியிருந்தன. நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பவில்லை. சுருண்டிருந்த நடுவிரலை மெல்ல நிமிர்த்தியதும் அலறிவிட்டான்.

முறிவுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் வீக்கம் ஏறிக்கொண்டே போகும். மாலையில் சரியாக இருந்த கட்டு விடியும்போது இறுக்கமாகிவிடும். உள்ளே அழுத்தம் கூடி, தசைக்கும் நரம்புக்கும் இரத்தம் போகாது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் இப்படியே போனால் தசை மீளாமல் சாகத் தொடங்கும். பிறகு கை பறவையின் நகம் போல் மடங்கியே நின்றுவிடும். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் 1881இல் இதை விவரித்தார். அவர் பார்த்ததும் இறுக்கிக் கட்டப்பட்ட கைகளைத்தான். மாவுக்கட்டிலும் இதே ஆபத்து உண்டு என்பதால்தான் மருத்துவமனையில் 'விரலைப் பார்த்துக்கொண்டே இருங்கள்' என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

அம்மாவுக்குப் போன் செய்தோம். ஷிப்டுக்குள் போகும் முன் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். தொழிற்பேட்டைப் பக்கம் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நமக்கெல்லாம் இது பழகிய கதைதான். தலைமையாசிரியர் காத்திருக்கவில்லை. 108க்குச் சொல்லிவிட்டு, அவர்கள் தொலைபேசியில் சொன்னபடியே கட்டின் துணியை நீளவாக்கில் கத்தரித்துத் தளர்த்தினோம். மூங்கில் பட்டை கைக்கு அடியில் அப்படியே தாங்கலாக இருந்தது. கையைத் தொங்கவும் விடவில்லை, உயர்த்தவும் இல்லை, நெஞ்சின் மட்டத்தில் வைத்துக்கொண்டோம். அறுவை தேவைப்படலாம் என்பதால் காலை உணவைக் கொடுக்கவில்லை. திருவள்ளூர் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தபோது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு ஒடிந்து விலகியிருந்தது. ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம் வரும், இரத்தக் குழாயை ஒட்டிய, மோசமான முறிவு இது. அன்று இரவே அறுவை செய்தார்கள். விரல்களில் உணர்வு திரும்பச் சில வாரங்கள் ஆயின. இப்போது இரண்டு கையாலும் பந்து பிடிக்கிறான், கை முழுதாக நீள்வதில்தான் கொஞ்சம் குறை.

பாட்டியிடம் பிறகு பேசினேன். "ஆஸ்பத்திரிக்குப் போனா கையை அறுத்துடுவாங்கன்னு பயந்துட்டேன்மா. அங்க நாள் முழுக்க யாரு உக்காருறது?" என்றார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் நாங்கள் இப்போது பெற்றோரிடம் ஒன்றைத்தான் கேட்கிறோம்: எங்கே கட்டுவது என்பதைப் பிறகு பேசலாம், முதலில் அரசு மருத்துவமனையில் ஒரு எக்ஸ்ரே, அதற்குக் காசில்லை. எங்கே கட்டியிருந்தாலும், கட்டோடு வரும் பிள்ளையின் விரல்களைக் காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே பார்த்துவிடுகிறோம். வலி நேரமாக ஆகக் கூடுகிறதா, விரலை நிமிர்த்தினால் துடிக்கிறதா, மரத்திருக்கிறதா, வெளிறியிருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். நாடித் துடிப்பு இருக்கிறதே என்று நிம்மதி அடையக் கூடாது. துடிப்பு கடைசியில்தான் நிற்கும்.

மைதானத்தில் விழுந்து கை கோணலாகிவிட்டால் நாம் இழுத்து நேராக்க வேண்டியதில்லை. எப்படி இருக்கிறதோ அப்படியே, மடித்த செய்தித்தாளோ அட்டையோ அளவுகோலோ வைத்து, துப்பட்டாவால் தொட்டில் மாதிரி கட்டி நெஞ்சோடு சேர்த்தால் போதும்.

நம் முதுகும் பிள்ளைகளின் பையும்

இடுப்பு வலி ஆசிரியர்களின் குடும்ப நோய். 2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நம் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் வந்த பிறகு, தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் தரையில் உட்கார்ந்து எழுவது கூடியிருக்கிறது. முதலில் சிலர் முனகினார்கள். முதுகுக்கு அது நல்லதுதான் என்பது என் கருத்து. ஒரே நிலையில் நாற்பது நிமிடம் நிற்பதைவிட, உட்கார்ந்து எழுந்து நடப்பது மேல். நின்றே ஆகவேண்டிய வகுப்பில் ஒரு காலை மேடையின் படியில் வைத்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். வலி வந்தால் படுத்தே கிடக்கச் சொன்ன காலம் போய்விட்டது. முடிந்தவரை நடக்கத்தான் சொல்கிறார்கள். வெந்நீர் ஒத்தடம் நல்லது. மருந்துக்கடையில் 'வலிக்கு ரெண்டு செட்' என்று வாங்கிப் போடும் மாத்திரையைத்தான் எனக்குப் பிடிக்காது. மாதக்கணக்கில் போட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காலில் பலம் குறைந்தால், உட்காரும் இடத்தில் மரத்துப்போனால், சிறுநீர் அடைத்தாலோ அறியாமல் போனாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தால், தொக்கணமும் வேண்டாம் கைரோபிராக்டிக்கும் வேண்டாம், அன்றே மருத்துவமனை.

பிள்ளைகளின் முதுகுக்கு நாம் செய்யக்கூடியது பையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012–13இல் முப்பருவ முறை வந்தபோது புத்தகச் சுமை ஒரே நாளில் குறைந்ததை அனுபவத்தில் கண்டோம். 2020ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப்பை கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஆறு, ஏழாம் வகுப்புக்கு 2 முதல் 3 கிலோ, எட்டாம் வகுப்புக்கு 2.5 முதல் 4 கிலோ. ஏழாம் வகுப்பில் சதவீதம் நடத்தும்போது பள்ளியின் எடைக் கருவியைக் கொண்டுவந்து பிள்ளைகளையும் பைகளையும் நிறுத்தோம். ஒவ்வொருவரும் தன் சதவீதத்தைத் தானே கணக்கிட்டார்கள். 34 கிலோ எடையுள்ள ஒரு பையனின் பை 5 கிலோ 200 கிராம் இருந்தது. திறந்து பார்த்தோம். அன்றைய புத்தகங்கள் இரண்டு கிலோகூட இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், முந்தின பருவத்துப் புத்தகங்கள், ஒரு கிரிக்கெட் பந்து, அதற்கடியில் செய்தித்தாளில் சுற்றிய செங்கல் பாதி. ஸ்டம்ப் நிற்க வைக்கவாம்.